அறுப்பு வெட்டு

ஆங்கிலத்தில் 'ஓவர்டூ' என்ற வினைச்சொல் மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே 'ஓஃபர்டோன்' என்று அதற்கு ஒரு வடிவம் உண்டு. 'ஓவர்' என்றால் மேலே. 'டூ' என்றால் செய். செய்ய வேண்டிய அளவைத் தாண்டி மேலே போய்ச் செய்வது. தமிழில் 'மீறு' என்கிறோமே, அதிலும் இதே கணக்குதான். 'மீ' என்றால் மேல். மேலே போனால் மீறல். எங்கோ இருக்கிற இரண்டு மொழிகள், அளவை ஒரு கோடாகப் பார்த்து, தாண்டுவதை மேலே ஏறுவதாகப் பார்த்திருக்கின்றன. இன்றைக்கு மலேசியத் தமிழன் அந்த 'ஓவரை' மட்டும் தனியே பிய்த்தெடுத்து வைத்துக்கொண்டான். "ரொம்ப ஓவரா பேசுறான்", "ஓவரா ஆடாதே". வினை போய்விட்டது, மேலே என்பது மட்டும் நாக்கில் நிற்கிறது.

இந்த 'ஓவர்' ரப்பர் தோட்டங்களுக்கு வந்தபோது தொழில்சொல் ஒன்றானது: 'ஓவர்டேப்'. பால்மரத்தை அளவுக்கு மேல் சீவுவது. அதோடு கூடவே இன்னொரு சொல்லும் தோட்டத்து ஆங்கிலத்தில் இருந்தது: 'ஸ்லாட்டர் டேப்'. ஸ்லாட்டர் என்றால் ஆடு மாடு அறுப்பது. நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது, வேர்ப்பொருள் கசாப்பு இறைச்சி. மரத்தைக் கசாப்புப் போடுவதுபோலச் சீவுவதற்கு அந்தப் பெயர்.

கத்தி ஒன்றுதான், மரம் ஒன்றுதான், அளவு மீறலும் ஒன்றுதான். ஆனாலும் தோட்ட நிர்வாகத்தின் மொழியில் முதல் சொல் குற்றத்தைக் குறித்தது, இரண்டாவது சொல் ஒரு முறையைக் குறித்தது. ஒரே செயலுக்கு ஏன் இரண்டு சொல் தேவைப்பட்டது? பேராக்கிலிருந்து பார்த்தால் இதற்கான பதில் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. ஏனென்றால் கதை தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

*

முதலில் 'டேப்' என்ற சொல். நாம் தண்ணீர்க் குழாயைக் 'டேப்' என்கிறோம். அதற்கும் பால்மரத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. ஆங்கிலத்தில் அது முதலில் பீர், ஒயின் பீப்பாயின் துளையை அடைக்கிற கட்டையின் பெயர். கட்டையைப் பிடுங்கி உள்ளே இருப்பதை வடியவிடுவது வினையானது. பிறகு மரத்தில் துளைபோட்டுச் சாறு வடிப்பதற்கும் அதே வினை. கடைசியில் ரப்பருக்கும் அதே. பீப்பாய்க்குள் இருப்பது ஏற்கனவே யாரோ ஊற்றி வைத்தது. திறந்தால் வரும், தீர்ந்தால் தீர்ந்தது. அந்தப் படிமத்தோடுதான் ஆங்கிலம் மரத்தை அணுகியது.

நம்மவர்கள் 'சீவுதல்' என்றார்கள். 'பால் வெட்டுதல்' என்றும் சொன்னார்கள். "மரஞ்சீவப் போறேன்", "பால் வெட்டப் போயிட்டாரு" இரண்டும் தோட்டத்தில் கேட்கும். சீவுதல் புதிதாக வந்த சொல் இல்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் தென்னம்பாளையையும் பனம்பாளையையும் கள்ளுக்காகச் சீவியவர்களின் சொல் அது. பாளையை மெல்லிய சீவலாக, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, நுனியைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். ஒரே நாளில் பெரிதாக வெட்டினால் பாளை போச்சு. ஆக, ஆங்கிலேயரும் தமிழரும் போதைப் பானத்தின் சொல்லைத்தான் பால்மரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆங்கிலேயர் கொண்டுவந்தது பீப்பாயின் சொல். தமிழர் கொண்டுவந்தது உயிருள்ள மரத்தின் சொல்.

வடிகிற திரவத்துக்கும் தமிழர் வைத்த பெயர் 'பால்'. மரம் 'பால்மரம்'. மலாய்க்காரர்களின் 'கெத்தா'வைக் 'கித்தா' ஆக்கி 'கித்தா மரம்' என்றும் சொன்னார்கள். பால் என்று பெயர் வைத்த பிறகு, மரம் பசுவாகிவிடுகிறது. பசு என்றால் கன்று நினைவுக்கு வரும். கன்றுக்கு விடாமல் கடைசிச் சொட்டுவரை கறப்பதற்குத் தமிழில் 'ஒட்டக் கறத்தல்' என்று ஒரு பழைய வழக்கு உண்டு. 'ஓவர்டேப்' என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

*

பேராக்கில் ரப்பர் வருவதற்கு முன்பே, அளவில்லாமல் எடுப்பது என்றால் என்ன என்று காடு பார்த்திருந்தது. காட்டில் 'தாபான்' என்ற மரம் இருந்தது. அதன் பால்தான் கட்டப்பெர்ச்சா. 1843-இல் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அதன் மாதிரிகளைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார். சூட்டில் இளகி, ஆறினால் இறுகி, கடல்நீரில் கெடாமல் கிடக்கும் பொருள் அது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அதைவிட நல்லது அப்போது உலகத்தில் இல்லை. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில், 1866-இல் அட்லாண்டிக்கின் குறுக்கே என்று தந்தி ஓடத் தொடங்கியது. கம்பியைச் சுற்றியிருந்தது மலாய்க் காடுகளின் பால்.

தாபானைச் சீவிப் பால் எடுக்கும் வழக்கம் இல்லை. சாய்த்துவிடுவார்கள். விழுந்த மரத்தின் பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, கசிவதைச் சுரண்டுவார்கள். அப்படி எடுத்தும் ஒரு மரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. சிங்கப்பூர்த் தீவில் 1850-களிலேயே தாபான் அநேகமாக அற்றுப்போனது. தேடல் தீபகற்பத்தின் உட்காடுகளுக்கும் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது. பேராக்கின் மலைக்காடுகளும் அதில் அடக்கம்.

இதற்கு 'ஓவர்' என்ற சொல் பொருந்தாது. அளவு என்று ஒன்று இருந்தால்தானே மீறுவதற்கு? மரத்தைச் சாய்ப்பதே முறை என்கிற இடத்தில், அதிகம் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. 'ஓவர்டேப்' என்ற சொல் பிறக்க வேண்டுமென்றால் முதலில் 'டேப்' என்பதற்கு ஓர் அளவு பிறக்க வேண்டியிருந்தது.

*

அது 1877-க்குப் பிறகு நடந்தது. முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். முளைத்த கன்றுகளின் வழியாக 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக வந்திருந்த ஹியூ லோ அவற்றைத் தம் இல்லத் தோட்டத்தில் நட்டார். அந்த முதல் தலைமுறையில் எஞ்சியது என்ற பெயர்ப்பலகையோடு ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் வேலிக்குள் நிற்கிறது.

மரம் வந்துவிட்டது, ஆனால் எப்படிப் பால் எடுப்பது என்பது வரவில்லை. அமேசானில் சிறு கோடரியால் பட்டையைக் கொத்தி, கொத்திய இடத்தின் கீழே குவளை வைப்பார்கள். கொத்தில் மரக்கட்டை காயப்படும். அதே அமேசானில் வேறொரு வகை ரப்பர் மரத்தைத் தாபானைப்போலவே சாய்த்துவிட்டுத்தான் பால் எடுத்தார்கள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்த ஹென்றி ரிட்லி இரண்டையும் கைவிட்டார். 1890-களில் அவர் கண்டது எளிமையான விஷயம். ஒருமுறை வெட்டிய இடத்திலேயே அடுத்தமுறை மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால், பால் முன்பைவிட அதிகமாக வருகிறது. மரம் அந்தக் காயத்துக்குப் பழகிக்கொள்கிறது. ஆழமாக வெட்டத் தேவையில்லை, சீவினால் போதும். பட்டை மறுபடி வளரும், மரம் சாகாது.

கள்ளிறக்குகிற ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால், "இதுல என்னங்க இருக்கு, பாளையும் அப்படித்தானே" என்று சொல்லியிருப்பார். இருந்தாலும் ரிட்லியின் கண்டுபிடிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் ரப்பர் மரம் முப்பது ஆண்டு வாழ்கிற ஒரு சொத்தானது. காப்பி விலை விழுந்து திண்டாடிய தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள். மரத்துக்கு முப்பது ஆண்டு என்றால், சீவுகிறவர்களும் முப்பது ஆண்டு வேண்டும். கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள்.

*

அந்த அளவு எவ்வளவு நுட்பமானது என்பதைச் சீவியவர்களின் கை அறியும்.

பால்குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன. அவை நேராக மேலே போவதில்லை, சற்றுச் சாய்ந்து வலப்புறமாக ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இறங்குகிறது. அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். பால் நிறைந்த குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், கட்டைக்கு மிக அருகில் இருக்கின்றன. அதற்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய வளர்படலம். புதுப்பட்டை அதிலிருந்துதான் உருவாகிறது. கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். முன்கூட்டியே நின்றால் பால் குறைவு. தாண்டினால் காயம். காயம்பட்ட இடத்தில் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. அதிகப் பாலும் காயமும் ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. பேராசைக்கு இவ்வளவு அருகில் தண்டனை வைத்த தொழில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

இதை இருட்டில் செய்ய வேண்டும். விடியலுக்கு முன்தான் மரத்தில் நீரழுத்தம் அதிகம், வெயில் ஏறினால் பால் சுருங்கிவிடும். பெரட்டு முடிந்து, தலையில் விளக்கோடு நிரைக்குள் போய், நானூறு ஐந்நூறு மரம் சீவ வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து வைத்து, வெட்டு, அடுத்த மரம். பிறகு திரும்பிவந்து பாலை வாளியில் சேர்த்து, காண்டா போட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும்.

தோட்ட ஆராய்ச்சி இந்தக் கைப்பக்குவத்தை எண்ணாக்கியது. 1920-களில் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் காலத்தில் வெட்டுக்கு ஒரு குறியீட்டு முறையே உருவானது. மரத்தின் சுற்றளவில் பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள்: அதன் தீவிரம் 100. முழுச் சுற்று, தினமும்: 400. ஆக, அளவு மீறலை நூற்றுக்கு இத்தனை என்று எழுதிவைக்க முடிந்தது. மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. பால் நீர்த்துப்போகும். பிறகு வெட்டின் ஒரு பகுதி காயும். பிறகு முழு வெட்டும் காயும், பட்டைக்குள் பழுப்பேறும். கத்தி போகும், பால் வராது. மரம் பச்சையாகத்தான் நிற்கும், ஆனால் நிரையில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இந்த அளவுகள் எல்லாம் யாரிடம் சொல்லப்பட்டன என்று கவனிக்க வேண்டும். சீவுகிறவரிடம். காயம் பார்க்கக் கங்காணி வருவார், மேலே கிராணி, அதற்கும் மேலே துரை. பட்டையில் எத்தனை காயம், எவ்வளவு பட்டை செலவாகியிருக்கிறது என்று அளப்பார்கள். 'ஓவர்டேப்' என்பது கீழே இருப்பவர் செய்யக்கூடாத ஒன்றின் பெயர்.

*

தோட்டத்துக்கு வெளியிலும் இந்தச் சொல் ஒரு வேலை செய்தது. 1910-இல் ரப்பர் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பிறகு விழுந்தது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம், 1934-இலிருந்து அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தம் என்று உற்பத்தியைக் குறைத்து விலையைத் தூக்கப் பார்த்தார்கள். யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று பங்கு பிரித்தபோது, மலாய்க்காரரும் சீனரும் வைத்திருந்த சில ஏக்கர் சிறுதோட்டங்களைப் பற்றி அதிகாரிகளிடமும் பெருந்தோட்டக்காரர்களிடமும் ஒரு பேச்சு இருந்தது. இவர்கள் மரத்தை ஓவர்டேப் செய்கிறார்கள், பட்டை தீர்ந்துவிடும், இன்றைய விளைச்சலை நம்பிப் பங்கு கொடுக்க முடியாது என்று. சிறுதோட்டங்களின் பங்கு அநியாயமாகக் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதைப் பொருளியலாளர் பி.டி. பாவர் 1948-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார். மரத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு மனிதர்களின் வருமானத்தில் கழித்துக்கொள்ளப்பட்டது.

பெருந்தோட்டங்கள் தங்கள் மரங்களைக் காப்பாற்றிக்கொண்டன என்பது உண்மை. 1930-களின் தொடக்கத்தில் விலை பாதாளத்துக்குப் போனபோது பல காடுகளில் வெட்டை நிறுத்தினார்கள். மரம் ஓய்வெடுத்தது, பட்டை தடித்தது. சீவியவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். ஓய்வு மரத்துக்கு மட்டும்தான்.

*

'ஸ்லாட்டர் டேப்' அரசாங்கத்தின் வாயில் ஏறிய காலம் இரண்டாம் உலகப்போர். 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. நேச நாடுகள் தங்கள் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை ஒரேயடியாக இழந்தன. விமானத்துக்கும் லாரிக்கும் டயர் வேண்டும். மீதமிருந்த பெரிய ஊற்று இலங்கை. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ரப்பர்க் காடுகளில் ஸ்லாட்டர் டேப் செய்யச் சொல்லி அரசே ஊக்கியது. பட்டை மறுபடி வளருமா, மரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விகள் தள்ளிவைக்கப்பட்டன. போர் முடிந்தபோது இலங்கையில் மிச்சமிருந்தவை சோர்ந்துபோன மரங்கள். மறுநடவுக்குப் பணம் தேடுவது போருக்குப் பிந்தைய இலங்கை அரசுகளின் பெரிய தலைவலிகளில் ஒன்றானது.

அதே ஆண்டுகளில் மலாயாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஜப்பானுக்கு இவ்வளவு ரப்பர் தேவைப்படவில்லை. வாங்குகிற சந்தை எதிரியிடம் இருந்தது. பேராக்கின் காடுகளில் பல நிரைகள் வெட்டாமல் நின்றன. மரம் மறுபடியும் ஓய்வெடுத்தது. சீவுகிறவர்களை என்ன செய்வது? சயாமுக்கு அனுப்பினார்கள். 1942-இலிருந்து 1943 அக்டோபர்வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை. கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் 80,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. நாளுக்கு எத்தனை மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாளா, ஓய்வு எப்போது என்று அந்த உடல்களுக்கு எந்தக் குறியீட்டையும் யாரும் எழுதவில்லை.

கடலின் ஒரு பக்கத்தில் தமிழர்கள் மரத்தைச் சாகும்வரை சீவும்படி ஆனார்கள். மறுபக்கத்தில் மரம் நிம்மதியாக நிற்க, தமிழர்கள் செத்தார்கள். திரும்பி வந்தவர்கள் கத்தியைத் தீட்டியபோது, மூன்றரை ஆண்டு ஓய்வில் பட்டை தடித்திருந்த மரங்கள் நன்றாகப் பால் கொடுத்தன.

*

போருக்குப் பிறகு 'ஸ்லாட்டர் டேப்பிங்' சாதாரணமான நிர்வாக வார்த்தையாக நிலைத்துவிட்டது. மரத்துக்கு வயதாகிவிட்டது, மறுநடவு செய்யப்போகிறோம், சாய்ப்பதற்கு முன் கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகளில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். இனிப் பட்டையைச் சேமித்து யாருக்கு? அரைச்சுற்று முழுச்சுற்றாகும். ஒரு மரத்தில் இரண்டு வெட்டு இருக்கும். கீழ்ப்பட்டை தீர்ந்தால் ஏணி வைத்து மேலே ஏறி, மேல்நோக்கிச் சீவுவார்கள். 1970-களிலிருந்து எத்தெஃபோன் என்ற ஊக்கி மருந்தும் சேர்ந்தது. பட்டையில் தடவினால் வெட்டு சீக்கிரம் உறையாமல் பால் நெடுநேரம் ஓடும். அளவோடு தடவினால் உழைப்பு மிச்சம், அளவு மிஞ்சினால் மரம் காயும். ஆனால் அறுக்கப்போகிற மரத்துக்கு அளவு எதற்கு?

நேர்மையாகச் சொல்ல வேண்டும், பொருளாதாரக் கணக்கில் இதில் தவறு ஒன்றும் இல்லை. சாயப்போகிற மரத்தில் பாலை விட்டுவைப்பது வீண். கூடுதல் பாலுக்குக் கூடுதல் காசு என்ற கணக்கு இருந்த இடத்தில் சீவுகிறவர் கைக்கும் அந்த மாதங்களில் கொஞ்சம் அதிகம் வந்திருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மரத்தின் முப்பது ஆண்டுக் கணக்கு முடியும்போது லயத்தின் கணக்கும் கூடவே முடிந்தது.

1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல் அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளில் அன்றாடச் சொல். பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையிலான ஆய்வு 1951-60 காலத்துத் துண்டாடலை ஆராய்ந்து 1963-இல் அறிக்கையானது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு எதிர்வினையாகத்தான். சீவுகிறவர்கள் தவணை கட்டிப் பங்கு வாங்கி, தோட்டத்தையே வாங்குவது. மரம் யாருடையது என்ற கேள்விக்கு அது ஒரு தமிழ்ப் பதில்.

பிறகு செம்பனை வந்தது. அதற்கு ரப்பரைவிட ஆள் குறைவாகத் தேவை, இருட்டில் எழ வேண்டியதில்லை, ஒரு மில்லிமீட்டர் கைப்பக்குவமும் வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்தும்வரை உலகிலேயே அதிக இயற்கை ரப்பர் கொடுத்த நாடு, தன் பால்மரக் காடுகளை வேகமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஏணி வெளியே வந்தால், காடு சாயப்போகிறது என்று பொருள். காடு சாய்ந்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், ஏனென்றால் வீடு வேலையோடு வந்தது. கோயிலும் பள்ளிக்கூடமும் அந்தரத்தில் நிற்கும். சனங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தாப்பாவுக்கும், இன்னும் தூரத்துக்கும் மூட்டை கட்டினார்கள்.

அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. 1980-இன் பணிநீக்கப் பலன் விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் குறைந்தபட்ச இழப்பீடு. முப்பது ஆண்டு இருட்டில் எழுந்து சீவியவருக்கு 600 நாள் கூலி. மரத்துக்கு வெட்டின் நீளம், சாய்வு, ஆழம், இடைவெளி, ஓய்வு என்று அத்தனை எண்கள். மனிதருக்கு ஒரே ஓர் எண்.

*

இப்போது அந்த இரண்டு சொற்களுக்குத் திரும்பலாம். சீவுகிறவர் அளவு மீறினால் 'ஓவர்டேப்'. சிறுதோட்டக்காரர் மீறினாலும் 'ஓவர்டேப்'. தோட்டத்தின் உடைமைக்காரரோ அரசாங்கமோ மீறச் சொன்னால் 'ஸ்லாட்டர் டேப்'. முதலாவதில் 'ஓவர்' இருக்கிறது, கோடு இருக்கிறது, தாண்டியவர் இருக்கிறார். இரண்டாவதில் கசாப்பு என்ற பயங்கரமான வார்த்தை வெளிப்படையாகவே இருக்கிறது, ஆனால் 'ஓவர்' இல்லை. கோட்டை வரைந்தவரே கோட்டை அழித்தால் அது மீறலாகாது. வார்த்தை எவ்வளவு கொடூரமாக ஒலிக்கிறது என்பதை வைத்துக் குற்றத்தை அளக்க முடியாது என்பதை இந்த ஜோடி எனக்குக் காட்டுகிறது. சாதுவான சொல்தான் குற்றம் சாட்டியது. கசாப்புச் சொல் அலுவலகக் கோப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

தமிழில் அளவு மீறுவதைப் பற்றிய பழைய எச்சரிக்கைகள் வேறு திசையில் பேசுகின்றன. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன யானைக் கதை பலருக்குப் பள்ளியிலேயே தெரியும். கதிரை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அது வரி வாங்குகிற அரசனிடம் சொன்னது. வயலில் நிற்கிறவனைப் பார்த்து, "நீ ஓவரா அறுக்காதே" என்று சொன்னதில்லை. வள்ளுவர் மயிலிறகு வண்டியைச் சொன்னதும் வலியறிய வேண்டியவனிடம்தான், வண்டி மாட்டிடம் இல்லை.

நம் தோட்டக் கதைகளில் அதிகாலை உண்டு, பனி உண்டு, ஒட்டுப்பாலின் நாற்றம் உண்டு. சாய்ப்பதற்கு முந்திய அந்தக் கடைசி ஆண்டு, ஏணியும் இரட்டை வெட்டும் மருந்துமாக நடந்த அந்த ஆண்டு, இன்னும் முழுதாக எழுதப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுதப்போகிறவர்கள் 'ஸ்லாட்டர் டேப்பிங்'கைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் 'அறுப்பு வெட்டு' என்று சொல்வேன். ஆட்டை அறுப்பதும் அறுப்புதான், கதிரை அறுப்பதும் அறுப்புதான். ஆங்கிலச் சொல்லில் கொலை மட்டும் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் கொலையோடு விளைச்சலும் சேர்ந்தே இருக்கிறது. அப்படியிருந்தால், அறுத்தது யார், விளைச்சல் யார் வீட்டுக்குப் போனது என்று அடுத்து கேட்காமல் இருக்க முடியாது.